மனத்துக்கு ஒரு மஸ்டர் ரோல்

இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டு பேருடைய மூளைகளிலும் என்ன நடக்கிறது என்பதை ஏககாலத்தில் அளந்து பார்க்கிற வித்தை ஒன்று இப்போது நன்றாக வளர்ந்திருக்கிறது. இவர் தலையில் ஒரு குல்லாய். அவர் தலையில் இன்னொரு குல்லாய். குல்லாய்க்குள்ளே வரிசை வரிசையாகச் சிறிய உலோகப் பொட்டுகள். இவர் பேசுகிறார், அவர் தலையை ஆட்டுகிறார். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடுகின்றன. கோடுகள் இரண்டும் சேர்ந்தாற்போல் ஏறிச் சேர்ந்தாற்போல் இறங்கினால், இரண்டு மூளைகளும் ஒத்திசைகின்றன என்று எழுதிக்கொள்கிறார்கள்.

அளக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. வானத்து நட்சத்திரத்தை அளந்தவன் பக்கத்தில் இருக்கிறவனின் மண்டையை அளக்க ஆசைப்படுவது இயற்கைதான். விஞ்ஞானியோடு எனக்குச் சண்டை கிடையாது. அவர் கையிலுள்ள அளவுகோல் எப்போது கிடைக்கும், எப்போது பிடுங்கிக்கொண்டு ஓடலாம் என்று வாசலில் காத்திருக்கிறார்களே, அவர்களோடுதான் என் சண்டை. அவர்கள் ஓடுவதைப் பார்த்து, 'ஆகா, முன்னேற்றம்!' என்று கை தட்டத் தயாராக இருக்கிற நம்மோடும்தான்.

நம் வீடுகளில் இந்தச் செய்திக்கு என்ன வரவேற்புக் கிடைக்கும் என்பதை ஊகிக்க ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்துப் பொருத்தம் பார்த்து அலுத்துப்போன பெற்றோர், 'பதினோராவதாக மூளைப் பொருத்தத்தையும் பார்த்துவிட்டால் நிம்மதி' என்பார்கள். 'என் பையன் வகுப்பில் வாத்தியார் சொல்வதைக் கேட்கிறானா, ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறானா என்று தெரிந்தால் நல்லதுதானே?' என்பார் ஒரு தகப்பனார். நமக்கு அளவு என்றால் ஒரு பக்தி. தராசில் வைத்துவிட்டால் அது சத்தியம் என்று நினைக்கிறோம். தராசைப் பிடித்திருக்கிற கை யாருடையது என்று பார்க்கிற பழக்கம் நமக்கு எப்போதுமே கொஞ்சம் குறைச்சல்.

இந்த வித்தைக்கு ஒரு சுவாரஸ்யமான பூர்வ கதை உண்டு. 1890களில் ஜெர்மனியில் ராணுவப் பயிற்சியில் இருந்த ஹான்ஸ் பெர்கர் என்ற இளைஞர் குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் நசுங்கிச் சாகாமல் மயிரிழையில் தப்பினார். அன்றைக்கே வீட்டிலிருந்து தந்தி வந்தது. எங்கோ தூரத்தில் இருந்த அவருடைய சகோதரிக்கு, 'தம்பிக்கு ஏதோ ஆபத்து' என்று மனம் பதைத்துவிட்டதாம். ஒரு மனத்தின் பதைப்பு இன்னொரு மனத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? அந்தக் கேள்வி பெர்கரை விடவில்லை. வைத்தியம் படித்தார், யேனா நகரத்தில் மூளையைக் குடைந்துகொண்டே இருந்தார். 1924ல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929ல் அதை வெளியிட்டார். இன்று ஆஸ்பத்திரியில் காக்காய் வலிப்புக்காரர்களுக்கு எடுக்கிறார்களே ஈ.ஈ.ஜி., அது இப்படிப் பிறந்ததுதான். பெர்கர் தேடியதோ தந்தி. கிடைத்ததோ தந்திக் கம்பியில் ஓடும் மின்சாரம். தந்தியில் எழுதியிருந்த வாசகம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதே வாசகத்தைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1965ல் அமெரிக்காவில் பிலடெல்பியாவில் இரட்டையர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, ஒருவர் கண்ணை மூடினால் மற்றவர் மூளையில் அதன் அலை தெரிகிறதா என்று சோதித்தார்கள். பதினைந்து ஜோடிகளில் இரண்டு ஜோடிகளிடம் தெரிந்ததாகச் சொன்னார்கள். மற்ற விஞ்ஞானிகள் அதை நம்பவில்லை. 2002ல் ஹூஸ்டனில் ரீட் மான்டேகு என்பவரும் அவர் குழுவினரும் இரண்டு எம்.ஆர்.ஐ. யந்திரங்களை இணைத்து, ஒருவரை ஒருவர் ஏமாற்றப் பார்க்கும் ஒரு சிறு விளையாட்டை ஆடவைத்து, இரண்டு மூளைகளையும் ஒரே சமயத்தில் படம் எடுத்தார்கள். இன்றைய வித்தைக்கு அதுதான் அஸ்திவாரம்.

இந்த ஆராய்ச்சிகளில் அழகானவையும் உண்டு. 2010ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், ஒரு பெண் தன் கதையைச் சொல்லும்போது அவள் மூளையைப் பதிவு செய்து, பிறகு அந்தக் கதையைக் கேட்கிறவர்களுடைய மூளைகளையும் பதிவு செய்தார்கள். கதை புரிந்தவர்களின் மூளையில் சொன்னவளின் மூளை ஓட்டம் எதிரொலித்தது. ரஷ்ய மொழி தெரியாதவர்களுக்கு ரஷ்ய மொழியில் கதை சொன்னபோது அந்த எதிரொலி காணாமல் போய்விட்டது. கதை சொல்லிப் பிழைக்கிறவன் நான். எனக்கு இந்தச் செய்தி இனிக்கத்தான் செய்கிறது. 2017ல் நியூயார்க்கில் ஒரு பள்ளியின் பன்னிரண்டு மாணவர்களை ஒரு பருவம் முழுதும் பதினொரு வகுப்புகளில் குல்லாய் மாட்டி அளந்த முடிவுகள் வெளியாயின. வகுப்பில் மனம் ஈடுபட்ட நாட்களில் அவர்களுடைய மூளை அலைகள் கூடுதலாக ஒத்துப்போயினவாம். இதைக் கண்டுபிடித்தவர்களை நான் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் அந்தக் கோடு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டாமா?

ஒரு சினிமாக் கொட்டகை. முன் வரிசையில் ஒருவர். பின் வரிசையில் ஒருவர். இருவரும் முன்பின் அறியாதவர்கள். நாகேஷ் திரையில் வந்து விழுந்து எழுகிறார், இருவரும் சிரிக்கிறார்கள். அந்தக் கணத்தில் இருவர் மூளையும் ஒன்றாகத்தான் ஏறி இறங்கும். அதற்காக அவர்கள் சிநேகிதர்கள் ஆகிவிடுவார்களா? ஒரே சத்தம், ஒரே வெளிச்சம், ஒரே காட்சி. அதனால் ஒரே மாதிரிக் கோடு. இந்த எச்சரிக்கையை நான் சொல்லவில்லை. அந்தத் துறையில் உள்ளவர்களே சொல்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் அந்தோனியா ஹாமில்டன் 2021ல் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பே, ஆரவாரத்தை விலக்கிவிட்டு இந்த வித்தையைப் பாருங்கள் என்ற பொருளில்தான் இருக்கிறது.

போதாததற்கு, அந்த அலையோ மகா பலவீனமானது. தலைத்தோலில் வந்து சேர்வது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் கிடைக்கிற பங்கில் ஒரு சில பத்துகள். கண்ணைச் சிமிட்டினால் அதைவிடப் பெரிய அலை எழும். வாயைத் திறந்து பேசினால் தாடைத் தசையின் மின்சாரம் மூளையின் மின்சாரத்தை மூழ்கடித்துவிடும். பேசுகிற மனிதனை அளக்க வந்த யந்திரத்துக்குப் பேச்சே பெரிய தொந்தரவு! அடர்ந்த கூந்தல் என்றால் பொட்டு தோலில் சரியாகப் படியாது. மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தை அளக்கும் இன்னொரு வகை இருக்கிறது. அதற்குக் கருத்த முடியும் கருத்த தோலும் இடைஞ்சல். எண்ணெய் தடவி, இறுக்கிப் பின்னல் போட்டு, ஒரு முழம் மல்லிகையும் வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிற நம் ஊர்ப் பெண்ணின் தலை அந்த யந்திரத்துக்கு ஒரு சோதனைதான்.

இவையெல்லாம் திருத்திவிடக் கூடிய குறைகள். நாளைக்கே நல்ல குல்லாய் வந்துவிடும். எந்தக் குல்லாயும் திருத்த முடியாத குறை ஒன்று உண்டு. தாயின் முகத்தைக் குழந்தை இமை கொட்டாமல் பார்க்கிறது. முதலாளியின் புருவம் எந்தப் பக்கம் வளைகிறது என்று சிப்பந்தியும் இமை கொட்டாமல்தான் பார்க்கிறான். இரண்டும் கவனம். இரண்டு ஜோடிகளின் கோடுகளும் சேர்ந்துதான் ஏறும், சேர்ந்துதான் இறங்கும். ஒன்று அன்பில் விளைந்தது, மற்றது அச்சத்தில் விளைந்தது என்பதைக் கோட்டைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது? அவர்களுடைய வீட்டைப் பார்க்க வேண்டும். சம்பளச் சீட்டைப் பார்க்க வேண்டும். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். இவை எதுவும் மண்டைக்குள்ளே இல்லை.

வாருங்கள், கும்மிடிப்பூண்டி வரை போய்வருவோம். சென்னையிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் கும்மிடிப்பூண்டியில் இறங்கலாம். சிப்காட் தொழிற்பேட்டைக்குள் இரும்பு உருக்கும் உலைகள், கம்பி இழுக்கும் ரோலிங் மில்கள், மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் ஆலைகள். இந்தப் பக்கம் திருவள்ளூர் ஊரை ஒட்டிக் காக்களூர் தொழிற்பேட்டை. ஷிப்ட் விடுகிற நேரத்தில் அங்கே டீக்கடை வாசலில் நின்று பாருங்கள். தமிழ், தெலுங்கு, ஹிந்தி, ஒடியா, வங்காளி, போஜ்பூரி என்று பாரத தேசமே கண்ணாடி தம்ளரில் டீ குடித்துக்கொண்டிருக்கும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் காண்ட்ராக்டர் மூலமாக வந்த பிள்ளைகள். அவர்களில் பலருக்குச் சூப்பர்வைசர் பேசும் தமிழ் ரஷ்ய மொழிக்குச் சமானம். சூப்பர்வைசருக்கு அவர்கள் பேசுவதும் அப்படித்தான். 'ஜல்தி' என்ற ஒரே வார்த்தையில் எட்டு மணி நேர வேலை நடந்து முடிந்துவிடும். அந்த இரண்டு மூளைகளுக்கும் நடுவே எதிரொலி இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு யந்திரமா வேண்டும்? ஒடியா தெரிந்த ஒரு மேஸ்திரியை நியமித்தால் போதாதா?

ஆலை வாசலில் இன்னொன்றையும் கவனியுங்கள். தொழிலாளி உள்ளே போகும்போதும் சோதனை. வெளியே வரும்போதும் சோதனை. டிபன் டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும்; பையைக் கவிழ்க்க வேண்டும்; கையைத் தூக்கி நிற்க வேண்டும். விரலை வைத்தால்தான் வருகை பதிவாகும். காமிரா பார்த்துக்கொண்டே இருக்கும். அவனிடம் உள்ளவற்றில் மனம் ஒன்றுதான் சோதனை இல்லாமல் உள்ளே போய், சோதனை இல்லாமல் வெளியே வருகிறது. சூப்பர்வைசர் ஏசும்போது தலையைக் குனிந்துகொண்டு, 'சரிங்க சார்' என்று சொல்லிவிட்டு, உள்ளுக்குள் அந்த மனிதரை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளும் சுதந்திரம் அவனுக்கு இருக்கிறது. அவனுடைய சொத்துக் கணக்கில் பெரிய சொத்து அதுதான். குல்லாய் வரப்போவது அந்தச் சொத்தின்மேல்.

கும்மிடிப்பூண்டியில் குல்லாய் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வருகிற பாதை எவ்வளவு சமீபத்தில் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், நம் தமிழ்நாட்டிலேயே 48 ஊர்களில் 402 பேருடைய மூளை அலைகளைப் பதிவு செய்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. தாரா தியாகராஜனும் அவருடைய சகாக்களும் செய்தது. முடிவுகள் 2017ல் வெளிவந்தன. முந்நூறு பேர் வாழும் குக்கிராமம் முதல் பெரிய நகரம் வரை, பரம ஏழை முதல் பெரும் பணக்காரர் வரை, கண்ணை மூடிச் சில நிமிஷம் உட்காரவைத்து அளந்தார்கள். வருமானமும், ஊர் ஊராகப் போய்வரும் வசதியும் கூடக்கூட மூளை அலைகளின் போக்கும் மாறுகிறது என்பது அவர்கள் கண்டது. வாழ்க்கைச் சூழ்நிலை மூளையில் பதிகிறது என்பதுதான் அதன் சாரம்.

ஆராய்ந்தவர்கள் நேர்மையானவர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை மட்டுமே அளந்துவிட்டு, 'மனித மூளை இப்படித்தான்' என்று எழுதிக்கொண்டிருந்த உலகத்துக்கு, நம் குக்கிராமத்தானுக்கும் ஒரு மூளை இருக்கிறது என்று காட்டினார்களே, அதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் அந்த முடிவை நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கனவான் எப்படிப் படிப்பார்? 'பார்த்தீரா, ஏழைக்கு மூளையே வேறு மாதிரி. அதனால்தான் அவன் ஏழை' என்று தலைகீழாகப் படிப்பார். விளைவைத் தூக்கிக் காரணத்தின் நாற்காலியில் உட்காரவைப்பது நமக்குப் புதிதல்ல. பல நூற்றாண்டுகளாகப் பிறப்பைக் காட்டி அதைத்தான் செய்துவந்தோம். இப்போது பிறப்புக்குப் பதிலாக மின்னலை. குடிசையின் ஓட்டையில் தெரிகிற வறுமையை மண்டையின் ஓட்டில் தேட ஆரம்பித்தால், கூலியைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் மூளையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சி இன்று எங்கே நடக்கிறது தெரியுமா? கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே, ஏளாவூரையும் ஆரம்பாக்கத்தையும் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால் ஸ்ரீசிட்டி. அங்குள்ள கிரியா பல்கலைக்கழகத்தில் மனித மூளையையும் மனத்தையும் ஆராய சேப்பியன் லேப்ஸ் என்ற அமைப்பின் மையம் ஒன்று இயங்குகிறது. களப் பணியாளர்களைப் பழக்கி, எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய கருவிகளால் ஆயிரக்கணக்கானவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்யலாம் என்று நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் செய்வது ஆராய்ச்சி. சம்மதம் கேட்டுச் செய்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: லாபரேட்டரிக்குள் அடைந்துகிடந்த யந்திரம் கைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. அந்தப் பெட்டி ஆலை வாசலுக்குப் போக இனி ஒரு பர்சேஸ் ஆர்டர்தான் பாக்கி.

வேறு நாட்டில் அது ஆலைக்குள் போயும்விட்டது. சீனாவில் ஹாங்சௌ நகரத்து ஆலை ஒன்றில் தொழிலாளர்களுடைய தொப்பிக்குள் மூளை அலைக் கருவிகளை வைத்து, அவர்களுடைய சோர்வையும் கோபத்தையும் கலக்கத்தையும் நிர்வாகம் கவனித்துவருவதாக 2018ல் ஹாங்காங் பத்திரிகை ஒன்று எழுதியது. 2019ல் அதே மாகாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகளின் நெற்றியில் பட்டி கட்டி, யார் கவனிக்கிறார்கள், யார் கவனிக்கவில்லை என்று விளக்கெரியவிட்டார்கள். ஜனங்கள் கொதித்த பிறகு நிறுத்தினார்கள். அந்தத் தொப்பிகள் உண்மையில் எவ்வளவு தூரம் மனத்தைப் படித்தன என்பதில் விஞ்ஞானிகளுக்கே சந்தேகம். யந்திரம் பொய் சொன்னாலும் நஷ்டம் தொழிலாளிக்குத்தான். 'இவன் கோபமாக இருக்கிறான்' என்று பெட்டி சொல்லிவிட்டால், 'இல்லை சார்' என்று இவன் எதைக் காட்டி நிரூபிப்பான்?

ஒருவன் மூளையை அளந்தால் அவன் சோர்வு தெரியும் என்கிறார்கள். பலர் மூளைகளைச் சேர்த்து அளந்தால்? அங்கேதான் விஷயமே இருக்கிறது. தொழிலாளர்கள் தங்களுக்குள் எப்படிப் பழகுகிறார்கள் என்று அளந்துபார்க்கும் ஆசை மூளைக் குல்லாய்க்கு முன்பே பிறந்தது. சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் என்ற ஆலையில் 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை பதினான்கு தொழிலாளர்களை ஒரு தனி அறையில் வேலை செய்யவிட்டு, ஒரு பார்வையாளரை மூலையில் உட்காரவைத்துக் குறிப்பெடுத்தார்கள். அவர் கண்டது என்ன? ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வேலை என்று அந்தப் பதினான்கு பேரும் தமக்குள்ளே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். எவனாவது அதை மீறிப் பாய்ந்து பாய்ந்து வேலை செய்தால் தோளில் ஒரு குத்து விழும். வேலையைக் கூட்டினால் நாளைக்குக் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம். எழுதாத, கையெழுத்துப் போடாத அந்த ஒப்பந்தம் ஆபீஸ் ரிக்கார்டு எதிலும் இல்லை. பதினான்கு மனங்களுக்கு நடுவே இருந்தது.

சிகாகோவை விடுங்கள். திருவள்ளூர் ரயில் பெரம்பூரைத் தாண்டித்தான் போகிறது. அங்கே பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்கள், சமயச் சொற்பொழிவு நடக்கிற ஒரு சபையில் மாலை வேளைகளில் கூடிக் கூடிப் பேசினார்கள். சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை என்பது முதலான தங்கள் குறைகளைச் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் கேட்டார்கள், விஷயம் பி. பி. வாடியாவிடம் போயிற்று. 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு. வி. க. உபதலைவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சரித்திரம் அதைச் சொல்கிறது. அந்த மாலை வேளைகளில் ஒவ்வொரு தொழிலாளியின் தலையிலும் ஒரு குல்லாய் இருந்திருந்தால்? 'நேற்றுவரை தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த கோடுகள் இன்று ஒன்றாக ஓடுகின்றன' என்று ஆலைத் துரைக்கு மறுநாள் காலையிலேயே ரிப்போர்ட் போயிருக்கும். ஒத்திசைவு என்று விஞ்ஞானி கொண்டாடுகிற அதே சங்கதிக்கு நிர்வாகத்தின் அகராதியில் வேறு பெயர் இருக்கிறது!

நான் பயப்படுவது இதற்குத்தான். பக்கத்தில் நிற்கிறவனோடு ஒரு பார்வையில் பேசிக்கொள்வதும், அந்தப் பேச்சு மேலே இருக்கிறவனுக்குத் தெரியாமல் இருப்பதும் எளியவனுடைய பாதுகாப்பு. எல்லா நியாயமான கோரிக்கைகளும் முதலில் அப்படிக் கிசுகிசுப்பாகத்தான் பிறந்திருக்கின்றன.

'சட்டம் இருக்கிறதே?' என்பீர்கள். இருக்கிறது; அது இருக்கிற லட்சணத்தையும் பாருங்கள். குற்றவாளியின் மூளை அலையைப் பார்த்து அவன் செய்ததைக் கண்டுபிடிக்கிறோம் என்று ஒரு முறையைப் பெங்களூரில் சி. ஆர். முகுந்தன் உருவாக்கினார். 2008ல் புனேயில் ஒரு கொலை வழக்கில் தண்டனை விதித்த நீதிமன்றம் அந்தச் சோதனையையும் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டில், நிமான்ஸ் இயக்குநர் தலைமையில் கூடிய நிபுணர் குழு இதற்கு விஞ்ஞான ஆதாரம் போதாது என்றது. 2010 மே 5ஆம் தேதி செல்வி என்பவர் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: சம்மதம் இல்லாமல் எவர்மீதும் இந்தச் சோதனையைப் பிரயோகிக்கக் கூடாது, அது அரசியல் சாசனத்தின் 20, 21ஆம் பிரிவுகளுக்கு விரோதம். ஆக, கொலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவனுடைய மண்டைக்கு நம் நாட்டில் ஒரு பூட்டு இருக்கிறது.

குற்றமே செய்யாமல் கம்பி இழுக்கிறவனுடைய மண்டைக்கு? 2023ல் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியது. அதில் மூளை அலை என்ற பேச்சே இல்லை. அதன் 7ஆம் பிரிவு, சம்மதம் கேட்காமலே தகவலைப் பயன்படுத்தக்கூடிய சந்தர்ப்பங்களை அடுக்குகிறது. அந்த அடுக்கில், வேலைக்கு வைத்திருப்பதன் பொருட்டும், வேலை கொடுப்பவரை நஷ்டத்திலிருந்து காப்பதன் பொருட்டும் என்று ஒரு வரி இருக்கிறது. நஷ்டம் என்றால் எது? வேலைநிறுத்தம் நஷ்டமில்லையா? அந்த வரிக்குள் ஒரு குல்லாய் தாராளமாக நுழையும். சிலி என்ற சின்ன நாடு 2021லேயே மூளைச் செயலையும் அதிலிருந்து எடுக்கும் தகவலையும் காக்கத் தன் அரசியல் சாசனத்தைத் திருத்திவிட்டது. 2023ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு முன்னாள் செனட்டரின் மூளைப் பதிவுகளை அழித்துவிடும்படி ஓர் அயல்நாட்டுக் கம்பெனிக்கு உத்தரவிட்டது. 2025 நவம்பரில் யுனெஸ்கோவும் இதற்கு நெறிமுறைகள் வகுத்துவிட்டது. நாம் மட்டும் இன்னும் யோசிக்கவே தொடங்கவில்லை.

ஒரு பலமான ஆட்சேபம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நியாயமாகாது. 'உருக்கு உலைக்கு மேலே கிரேன் ஓட்டுகிறவன் தூங்கிவிழுந்தால் பத்துப் பேர் சாவார்கள். அவன் தூங்குமுன் குல்லாய் எச்சரித்தால் அது தர்மம் இல்லையா?' தர்மந்தான். அவன் ஏன் தூங்கிவிழுகிறான் என்று கேட்பதும் தர்மம் இல்லையா? 2023 ஏப்ரல் 21ஆம் தேதி நம் சட்டசபையிலே, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பத்து நாளும் ஊரெல்லாம் விவாதம் நடந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்றால் மனிதன் சோர்ந்துபோவானா என்று தெரிந்துகொள்ள எவரும் மூளையை அளக்கச் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். அவனுடைய சோர்வு மஸ்டர் ரோலில் எழுதியிருக்கிறது, ஓவர்டைம் கணக்கில் எழுதியிருக்கிறது, ஒரே அறையில் பத்துப் பேர் முறைபோட்டுத் தூங்குகிற தங்குமிடத்தில் எழுதியிருக்கிறது. அவற்றைப் படிக்க மனமில்லாதவர்கள்தான் மண்டையைப் படிக்க ஆசைப்படுகிறார்கள். வேலை நேரத்தைக் குறைத்து, ஓய்வைக் கொடுத்து, அதற்கு மேலும் ஆபத்து இருக்கிறது என்றால் குல்லாயைப் பற்றிப் பேசலாம். அப்போதும் அதன் கோடுகள் அவன் கைக்குப் போக வேண்டும்; பர்சனல் ஆபீசுக்குப் போகக் கூடாது.

'சம்மதம் வாங்கிக்கொண்டால் சரிதானே?' என்பது அடுத்த ஆட்சேபம். சம்மதமா? காண்ட்ராக்டர் நீட்டுகிற காகிதத்தில், எழுதியிருக்கிற பாஷையே தெரியாமல், பின்னால் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது போடுகிற கையெழுத்துக்குச் சம்மதம் என்றா பெயர்? 'முடியாது' என்று சொல்லியும் மறுநாள் வேலைக்கு வர முடிகிறவன் சொல்லும் 'சரி'தான் சம்மதம். மற்றவன் சொல்லும் 'சரி' வயிற்றிலிருந்து வருகிறது.

ஆகையால் நான் மூன்று காரியங்கள் கேட்கிறேன். வேலை வாங்கும் இடத்தில் மூளை அலையைப் பதிவு செய்வதைச் சட்டம் தடுக்க வேண்டும். தொழிலாளி கையெழுத்துப் போட்டிருந்தாலும் தடுக்க வேண்டும். ஆராய்ச்சிக்காக எடுக்கும் பதிவு எந்தக் காலத்திலும் வேலை கொடுப்பவன் கைக்குப் போகக் கூடாது என்பதை ஆராய்ச்சியாளர்களே முன்வந்து கேட்க வேண்டும். அவர்கள் கேட்டால் அதற்கு மதிப்பு அதிகம். மூன்றாவது மிகவும் எளிது. மனிதர்கள் பழகும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துதான் தீர வேண்டுமென்றால், முதலில் டைரக்டர் போர்டு கூட்டத்தில் குல்லாயை மாட்டுங்கள். 'இந்த வருஷம் போனஸ் எவ்வளவு?' என்ற கேள்வி எழும்போது அந்தப் பெரிய மனிதர்களின் கோடுகள் எப்படி ஒத்திசைகின்றன என்று பார்ப்போம். அதற்கு மட்டும் எந்தக் கம்பெனியும் குல்லாய் வாங்காது. அளவுகோல் எப்போதும் கீழ்நோக்கித்தான் பிடிக்கப்படுகிறது.

'கும்மிடிப்பூண்டிக்காரன் கதை நமக்கெதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டப்போகிற வாசகருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள். உங்கள் மகன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான். அவன் எத்தனை தடவை பொத்தானைத் தட்டினான், எத்தனை நிமிஷம் நாற்காலியை விட்டு எழுந்தான் என்பதைக் கணக்கெடுக்கிற ஏற்பாடுகள் உலகத்தில் வந்துவிட்டன. விரல் ரேகை வைக்கிற யந்திரம் ஆலை வாசலில் வந்தபோது, 'அவர்களுக்குத்தானே' என்று நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். இன்று உங்கள் ஆபீஸ் வாசலிலும் அதுதான் இருக்கிறது. முதல் குல்லாய் அவன் தலைக்கு வரும். அந்த அளவை வைத்துக்கொண்டுதான் உங்கள் தலைக்கு இரண்டாவதைத் தைப்பார்கள்.